ஏழாவது ஜெபக் குறிப்பு

“ஆமென்னு போட்டது யாரு? நீங்க தானேப்பா? ஒரு மாசம் இல்ல, மூணு மாசம்! ஏப்ரல்ல ஒண்ணு, மே மாசம் ஒண்ணு, ஜூன்ல ஒண்ணு. பக்கத்துல கை கூப்புன பொம்மை வேற!”

“நான் எல்லாத்துக்கும் தானே மகள் ஆமென் போடுறேன்...”

“எல்லாத்துக்கும்னா? வாசிக்காமலா?”

“முதல் ரெண்டு குறிப்பு வாசிப்பேன். மத்தது அக்கா எழுதுறது தானேன்னு...”

“அந்த மத்ததுல தாம்ப்பா என் கல்யாணம் இருக்கு!”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு மேலே, படி ஏறிப் போனால் மூன்றாவது வீடு. சத்தம் கூரைத் தகரத்தில் முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. கீழ் வீட்டு லெட்சுமி ரேடியோவைக் குறைத்துவிட்டாள். ஞாயிறு காலையில் லெட்சுமி ரேடியோவைக் குறைக்கிறாள் என்றால், மேலே நடப்பது ரேடியோவை விட நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

கத்திக்கொண்டிருந்தவள் சுலக்ஷனா. வயது இருபத்து மூன்று. மிஷனரி பிரதாபனின் ஒரே மகள். கத்து வாங்கிக்கொண்டிருந்தவர் அதே பிரதாபன். ஆயிரம் பேர் கூடிய மைதானத்தில் மைக் இல்லாமல் பிரசங்கம் பண்ணியவர், மகள் முன்னால் ஒரு ப்ளேன்டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குற்றவாளி அங்கேயே, கண்ணாடி முன்னால் நின்று, சேலை மடிப்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். பிரதாபனின் அக்கா, ரத்னா டீச்சர்.

“அத்தை, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

“நான் என்னா சொல்றது? நான் எழுதினது ஜெபக் குறிப்பு. கல்யாணப் பத்திரிகை அடிக்கல.”

“ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?”

“குறிப்புல மண்டபத்துப் பேரு இருக்காது.”

மூலையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. டீச்சரின் கணவர் பெரியதம்பி. தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷம் ஆட்களை மேற்பார்க்கும் கண்டாக்காக இருந்து, காலை ஐந்தரைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களுக்கு மலை பிரித்துக் கொடுத்த மனிதர். இப்போது பத்திரிகையை விரித்து அதற்குப் பின்னால் வாழ்கிறார்.

“உங்க அத்தை எழுதுறது ஜெபக் குறிப்பா புள்ள? பெரட்டுல வேலை பிரிக்கிற மாதிரி இருக்கும். ‘ஆண்டவரே, நீங்க இன்னைக்கு மூணாம் நம்பர் மலை. அத முடிச்சிட்டு ஏழாம் நம்பருக்குப் போங்க.’”

“நீங்க வாயை மூடிக்கிட்டு சப்பாத்தைத் துடைங்க” என்றார் டீச்சர். அவர் காலணியை எடுத்துத் துடைத்தார்.

சுலக்ஷனா அம்மா பக்கம் திரும்பினாள். ஜீவராணி மூலையில் ஒரு சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷமாக அதே சட்டை, அதே கை.

“அம்மா. நீங்களாவது இத வாசிச்சீங்களா?”

“வாசிச்சேன்.”

“எப்ப?”

“ஏப்ரல்லயே.”

“அப்ப ஏம்மா என்கிட்ட கேக்கல?”

ஜீவராணி அயர்னை நிமிர்த்தி வைத்தாள். “நீ அத்தைகிட்ட சொல்லித்தான் அண்ணி எழுதினாங்கன்னு நெனச்சேன். பெத்தவகிட்ட சொல்லாம அத்தைகிட்ட சொல்லிட்டாளேன்னு ஒரு கெழமை, ஏழு நாளும் அழுதேன். நீ டியூட்டிக்குப் போன பொறகு.”

சுலக்ஷனா போய் அம்மாவிடமிருந்து அந்தச் சட்டையை வாங்கி மடித்தாள். அதற்குச் சத்தம் கிடையாது. கீழே லெட்சுமி தவித்துப் போயிருப்பாள்.

“சரி” என்றாள் சுலக்ஷனா, மெதுவாக. மெதுவாகப் பேசும்போதுதான் அவளைக் கண்டு பயப்பட வேண்டும் என்று டீச்சருக்குத் தெரியும். அதே குணம் தனக்கும் உண்டு. “ஆகஸ்ட் பதினஞ்சாம் தேதி நான் அங்க, சோலோ ஊருக் கிளினிக்ல நிக்கணும். நிரந்தர வேலை, கையெழுத்துப் போட்டாச்சி. இன்னைக்கு சர்ச்சில நீங்க அந்த ஏழாவது குறிப்ப வாசிச்சீங்கன்னா, நான் எழும்பி நின்னு ‘இல்லை’ன்னு சொல்லுவேன். எல்லாரும் பாக்கச் சொல்லுவேன்.”

“சொல்லு பாப்பம்” என்றார் ரத்னா டீச்சர். ஊசி விரலில் குத்திவிட்டது. அதை யாருக்கும் காட்டவில்லை.

கதைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஆட்கள் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

பிரதாபன் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேரும் கொழுந்தெடுத்தே அவரைப் படிக்க வைத்தார்கள். படித்து, ஊழியத்துக்கு வந்து, மிஷன் சங்கம் ‘எங்கே போகிறீர்கள்’ என்று கேட்டபோது, ‘எங்கே வேண்டுமானாலும்’ என்று சொல்லித் தொலைத்தார். சங்கம் அனுப்பியது ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக்கு. அங்கே சோலோ என்று ஓர் ஊர். போய் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை! தேயிலையை விட்டுத் தப்பினோம் என்று நினைத்தவர், பிளேன் ஏறிப் போய்த் தேயிலைக்குள்ளேயே விழுந்தார். ஒரே வித்தியாசம், அங்கே கூடைக் கயிறு நெற்றியில் இல்லையாம், தோளிலாம். இதை அவர் இருபத்திரண்டு சபைகளில் சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டிலும் சிரித்திருக்கிறார்கள்.

போகும்போது சுலக்ஷனாவுக்கு ஒன்பது வயது. அதுவரை அவள் சாப்பிட்டதும் தூங்கியதும் இந்த அத்தை வீட்டில். டீச்சருக்குப் பிள்ளை இல்லை. இவள் இருந்ததால் தேவையும் படவில்லை. பிறகு மூன்று, நாலு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு மாச விடுமுறை. பதினான்கு வருஷத்தில் இது நாலாவது தடவை. வந்தால் சபை சபையாகப் போக வேண்டும். அப்பா படம் போட்டுக் காட்டுவார், அம்மா சாட்சி சொல்வாள், மகள் அந்த ஊர்ச் சீத்தைத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அந்த ஊர்ப் பாட்டொன்றைப் பாடுவாள். பிறகு பகல் சாப்பாடு. கருவாடு, மாசி, கறித்தூள் எல்லாம் பெட்டியில் கட்டிக்கொண்டு போவார்கள்.

அந்தக் குடும்பத்துக்கும் இங்கத்தைய சபைகளுக்கும் நடுவில் பாலமாக இருப்பவர் ரத்னா டீச்சர். மாசாமாசம் ஜெபக் குறிப்பு எழுதுவார். தாளில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று. சபையில் எழுந்து நின்று வாசிப்பவரும் அவரே. கேட்கப்பட்டது கிடைத்துவிட்டால் அந்தக் குறிப்பு ‘ஸ்தோத்திரம்’ என்ற பக்கத்துக்குப் போகும். கிடைக்காவிட்டால் அடுத்த மாசமும் அதே இடத்தில் இருக்கும். எழுதிய குறிப்பைத் திரும்ப எடுப்பது என்று ஒரு வழக்கம் நம் சபைகளில் இல்லவே இல்லை. யாருக்கும் அது தோன்றியதும் இல்லை.

சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் யார் வீட்டில் என்ன என்று தெரிய வேண்டுமானால் சந்தைக்குப் போக வேண்டியதில்லை. டீச்சரின் ஜெபக் குறிப்பை வாசித்தால் போதும். கடன், காய்ச்சல், குடி, எல்லாம் பக்தியோடு வரிசையாக இருக்கும்.

அப்படித்தான் ஏப்ரலில் ஏழாவது குறிப்பு வந்தது. ‘நமது மிஷனரியின் மகள் சுலக்ஷனாவுக்கும் அட்டன் சபைத் தம்பி வினோஜனுக்கும் திருமணக் காரியம் தேவ சித்தப்படி வாய்க்க.’ அந்தத் தேவ சித்தம் யாருக்கும் வெளிப்படவில்லை. வினோஜன் நல்ல பையன், வாத்தியார் வேலை, ஆராதனையில் கீபோர்ட் வாசிப்பவன், அட்டனிலேயே வீடு. கட்டிக்கொண்டால் பிள்ளை அரை மணி நேரத் தூரத்தில் இருப்பாள். இது டீச்சருக்கு ஒருநாள் பாத்திரம் கழுவும்போது வெளிப்பட்டது. எழுதினார். மலாவியிலிருந்து தம்பி ‘ஆமென்’ என்றார். தகப்பனே ஆமென் சொன்ன பிறகு மாப்பிள்ளையின் அம்மா அம்மாக்கண்ணு சும்மா இருப்பாளா? சேலை எடுத்துவிட்டாள்.

சுலக்ஷனா அந்த வாட்ஸ்அப் குழுவில் இல்லை. ஒரு நாளைக்கு இருநூறு வசனம் வருகிறது என்று போன வருஷமே வெளியேறிவிட்டாள். நேற்று கொத்மலையில் பகல் சாப்பாட்டின்போது ஒரு அம்மா அவள் நாடியைப் பிடித்து, “அட்டன்ல எந்தப் பக்கம் வீடு எடுக்கிறீங்க?” என்று கேட்க, “யாருக்கு?” என்று இவள் கேட்க... மிச்சத்தைத்தான் லெட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு மழை தூறலாக விழுந்துகொண்டிருந்தது. சர்ச்சுக்குப் போன த்ரீவீலரில் அத்தை ஒரு ஓரத்திலும் சுலக்ஷனா மறு ஓரத்திலும் உட்கார்ந்தார்கள்.

சர்ச் வாசலிலேயே பாஸ்டர் யோகேஸ்வரன் கை நீட்டிக்கொண்டு வந்தார். “டீச்சர், ஏழாவது குறிப்பு வாசிச்சதும் கொஞ்சம் நிப்பாட்டுங்க. நான் ரெண்டு குடும்பத்தையும் முன்னுக்குக் கூப்பிட்டு கை வச்சு ஜெபிக்கிறேன். அம்மாக்கண்ணு அக்கா சேலையைப் போத்தட்டும். நம்ம மிஷனரி குடும்பம் லீவுல வந்த நேரத்திலேயே ஒரு நிச்சயம் மாதிரி ஆயிரும், என்னா?”

“ஆயிரும்” என்றார் டீச்சர். சுலக்ஷனா அத்தையை ஒரு பார்வை பார்த்தாள்.

அம்மாக்கண்ணு அட்டன் பஸ்ஸில் வந்திறங்கினாள். மடியில் கேக் பெட்டி, கக்கத்தில் சேலைப் பார்சல், முகத்தில் மாமியார். சுலக்ஷனாவைக் கண்டதும் குடையை மகனிடம் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு ஓடி வந்து இரண்டு கன்னத்தையும் வழித்தாள்.

“வெயில்ல கறுத்துப் போயிட்டியே கண்ணு! பரவாயில்ல, அட்டன் குளிருக்கு ஒரே மாசத்துல வெளுத்துருவ.”

குடையோடு நின்ற வினோஜன், பரீட்சை எழுதாமலே ரிசல்ட் வந்த பிள்ளை மாதிரி முழித்தான்.

ஆராதனைக்கு இன்னும் இருபது நிமிஷம். டீச்சர் சர்ச்சுக்குப் பின்னால் குசினிக்குப் போனார். அறுபது பேருக்குத் தேத்தண்ணி அவர் பொறுப்பு. ஒட்டுக் கேட்கிற பழக்கம் ரத்னா டீச்சருக்குக் கிடையாது. குசினி ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், அவ்வளவுதான்.

வெளியே தண்ணீர்த் தாங்கி ஓரத்தில் இரண்டு பேர்.

“நீங்களாவது இல்லேன்னு சொல்லியிருக்கலாம்ல?” சுலக்ஷனாவின் குரல்.

“யார்கிட்ட சொல்றதுங்க? மொத நாளே நாப்பத்தாறு பேரு வாழ்த்து அனுப்பிட்டாங்க. பஸ்ல கண்டக்டர் டிக்கட் காசு வாங்கல.”

“சும்மா சொல்றீங்க.”

“சத்தியமா. அவரும் நம்ம சபை தான்.”

சுலக்ஷனா சிரிப்பை அடக்கியது டீச்சருக்குக் கேட்டது. அட, இது நல்ல சகுனமாயிற்றே என்று ஒரு கரண்டி சீனியை அண்டாவில் போட்டார்.

“இன்னொன்னு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது” என்றான் வினோஜன். “இந்த மூணு மாசமா அம்மா எனக்கு வேற பொண்ணு தேடல. அது எனக்கு ஒதவியா இருந்திச்சி. கொத்மலையில ஒருத்தங்க இருக்காங்க. நிஷாந்தி. என்னோட தான் படிப்பிக்கிறாங்க. அவங்க வீட்டுல முருகன் கோயிலுக்குப் போறவங்க. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு வருஷம் ஓடிருச்சி. உங்க பேரு நடுவுல வந்ததால கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சிச்சி.”

“அப்ப மூணு மாசமா நான் உங்களுக்குக் குடையா?”

“மழைக்காலம் தானேங்க.”

இந்த முறை அவள் சத்தமாகவே சிரித்துவிட்டாள். டீச்சர் இரண்டாவது கரண்டி சீனியைப் போட்டார். ஏற்கனவே போட்டதை மறந்து மூன்றாவதும் போட்டார்.

“உங்களுக்கு இங்க இருக்கப் புடிக்காதா?” என்று வினோஜன் கேட்டான்.

அவள் தாங்கியின் குழாயைத் திறந்து மூடினாள்.

“புடிக்கும். அத்தைக்காகவே புடிக்கும். நாங்க போற ஒவ்வொரு தடவையும் அத்தை கட்டுநாயக்கா ஏர்போர்ட் வரைக்கும் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கை காட்டுவாங்க. நாங்க மறைஞ்ச பொறகும் காட்டிக்கிட்டே நிப்பாங்கன்னு மாமா சொல்லியிருக்காரு. அதனால தான் எனக்கு வாய் வர மாட்டேங்குது. இங்க எல்லாரும் ‘வீட்டுக்கு வந்துட்டியா’ன்னு கேக்கிறாங்க. நான் வீட்டுல இருந்து தாங்க வந்திருக்கேன். அங்க என்னோட கிளினிக் இருக்கு, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுற பொம்பளைங்க இருக்காங்க, நான் புடிச்சு வெளிய எடுத்த முப்பத்தொரு குழந்தைங்க இருக்கு. இங்க நான் லீவுக்கு வந்திருக்கேன். இத எந்தச் சபையில நின்னு சொல்றது?”

ரத்னா டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். ஆவியில் மூக்குக் கண்ணாடி மூடிக்கொண்டது. துடைக்கவில்லை. உதவிக்கு வந்த ஒரு பெண் “டீச்சர், சீனி போட்டாச்சா?” என்று கேட்க, “போடல” என்றார். அவளும் போட்டாள்.

ஆராதனை தொடங்கியது. பிரதாபன் படம் போட்டுக் காட்டினார். கூடைக் கயிற்றுக் கதை சொன்னார். சிரித்தார்கள். ஜீவராணி சாட்சி சொன்னாள். பிறகு சுலக்ஷனா சீத்தையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

இதே பாட்டை அவள் பன்னிரண்டு வயதில், முதல் லீவில் பாடியபோது சீத்தை தரையில் இழுபட்டது. டீச்சர்தான் இடுப்பில் இரண்டு ஊசி குத்திவிட்டார். இன்று ஊசி தேவைப்படவில்லை. பாடும்போது அவள் கை தொடையில் தாளம் தட்டியது. கண் நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்குகளைத் தாண்டி, கூடச் சேர்ந்து பாடுகிறவர்களைத் தேடுகிற மாதிரி எங்கேயோ போனது. இங்கே கூடப் பாட ஒருவருக்கும் தெரியாது. பதினான்கு வருஷமாக எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுக் கடைசியில் கை தட்டுகிறோம். இதை டீச்சர் இன்றைக்குத்தான் கவனித்தார்.

“இப்ப ஜெபக் குறிப்புகள்” என்றார் பாஸ்டர்.

டீச்சர் எழுந்து முன்னால் போனார். முதல் குறிப்பு, மிஷனரி பிரயாணங்களுக்காக. ஆமென். இரண்டு, ஒருவருக்குச் சுகவீனம். ஆமென். மூன்று, மழை. நான்கு, பரீட்சை. ஐந்து, ஒரு வீட்டில் குடி. பேர் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அந்த வாங்கைப் பார்த்தார்கள். ஆறு, தேசத்துக்காக.

“ஏழு.”

அம்மாக்கண்ணு சேலைப் பார்சலின் நூலை அவிழ்த்தாள். பாஸ்டர் ஒரு அடி முன்னால் வந்தார். மூன்றாவது வரிசையில் சுலக்ஷனா வாங்கின் விளிம்புக்கு நகர்ந்து, எழும்பத் தயாராகக் காலை ஊன்றினாள்.

“ஏழாவது குறிப்பு தப்பு” என்றார் ரத்னா டீச்சர். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து ஒரு கணக்கைத் தப்பு என்று சொல்வாரே, அதே குரல். “இத யாரும் என்கிட்ட தரல. நான் புள்ளைகிட்ட கேக்கல. வினோஜன் தம்பிகிட்டயும் கேக்கல. எனக்கு அவ இங்கயே இருக்கணும்னு ஆசை. அத ஆசைன்னு எழுதக் கூச்சமா இருந்திச்சி, அதனால கல்யாணம்னு எழுதிட்டேன். மூணு மாசமா நீங்க எல்லாரும் எனக்காக ஜெபிச்சிருக்கீங்க. ரொம்ப நன்றி. இப்ப நிப்பாட்டிக்கலாம்.”

கீபோர்ட் வாசிக்க உட்கார்ந்திருந்த வினோஜனின் முழங்கை அதில் பட்டு ஒரு ஸ்வரம் நீளமாகக் கத்தியது.

“சுலக்ஷனா அடுத்த மாசம் அவ வேலைக்குப் போறா. சோலோ கிளினிக்ல நர்ஸ். நிரந்தர வேலை. அவ வீடு அங்க தான் இருக்கு. அதுக்காக வேணும்னா ஸ்தோத்திரம் சொல்லுங்க.”

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த மாதிரிக் கட்டத்தில் ஆமென்னா, ஸ்தோத்திரமா என்று பாஸ்டருக்கே தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் “ஸ்தோத்திரம்!” என்றது. பிரதாபன். இந்த முறை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார். சபை பழக்கத்தில் கூடவே சொல்லிவிட்டது.

சுலக்ஷனா எழும்பவில்லை. ஊன்றிய காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள். குனிந்து சீத்தையின் ஓரத்தால் முகத்தைத் துடைத்தாள்.

ஆராதனை முடிந்து தேத்தண்ணி நேரம். சீனிப் பாணி மாதிரி இருந்த தேத்தண்ணியை ஒருவரும் குறை சொல்லவில்லை. பேச வேறு விஷயம் நிறைய இருந்தது.

அம்மாக்கண்ணு டீச்சரைச் சுவரோடு சேர்த்து மறித்தாள். “அப்ப என் மகனுக்கு என்னா டீச்சர் கொறை? ஊரு பூரா பேரைப் போட்டு இப்ப அழிச்சிட்டீங்களே, நாளைக்கு நான் அட்டன் டவுன்ல எப்படி நடக்கிறது? புள்ளைக்கு அவனைப் புடிக்கலியா? இல்ல அவன் ஏதும் செஞ்சிட்டானா? நீங்க என்னமோ மறைக்கிறீங்க!”

பத்தடி தள்ளி வினோஜன் நின்றான். குசினி ஜன்னலையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தான். கேட்டிருப்பார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

டீச்சர் தப்பிக்க ஒரு வழி இருந்தது. கொத்மலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாக்கண்ணுவின் கோபம் அப்படியே திசை திரும்பிவிடும், டீச்சர் நல்லவராகிவிடுவார். நாற்பது வருஷ அனுபவத்தில் இவ்வளவு பெரிய செய்தி டீச்சர் கையில் சிக்கியதில்லை. நாக்கு நுனியில் வந்து அது குதித்தது.

“ஒங்க மகனுக்கு ஒரு கொறையும் இல்ல அம்மாக்கண்ணு. கொறை எனக்குத் தான். டவுன்ல யாரும் கேட்டா ‘ரத்னா டீச்சருக்குப் புத்தி கெட்டுப் போச்சி’ன்னு சொல்லுங்க. நானே எழுதித் தாறேன்.”

அம்மாக்கண்ணு கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பத்தடி போனதும் திரும்பி வந்து கேக்கை மட்டும் மேசையில் வைத்தாள். வெட்டாத கேக்கைத் திரும்ப அட்டனுக்கு எடுத்துப் போனால் பஸ்ஸில் கேட்பார்களே.

பெரியதம்பி அருகில் வந்தார். “என்னமோ முழுங்கின மாதிரி இருக்கே?”

“ஒண்ணும் இல்ல.”

“முப்பத்தாறு வருஷத்துல நீ ஒண்ணை முழுங்கி நான் பாத்ததில்ல.” அவர் கோப்பையை நீட்டினார். “இந்தத் தேத்தண்ணியக் குடி. இதையும் முழுங்கினா நீ பெரிய ஆளு.”

சாயந்தரம் வீட்டில் சுலக்ஷனா அத்தைக்குப் பக்கத்தில் வந்து, தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தலை வைத்தாள். ஒன்பது வயதுக்குப் பிறகு அப்படி உட்காரவில்லை.

“நீங்க ஒட்டுக் கேட்டீங்க தானே அத்தை?”

“ஜன்னலுக்குக் கண்ணாடி இல்ல.”

“அப்ப ஏன் அம்மாக்கண்ணு மாமிகிட்ட சொல்லல?”

“அது அந்தத் தம்பி வீட்டு விஷயம்.”

சுலக்ஷனா நிமிர்ந்து பார்த்தாள். அத்தைக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். நர்ஸ் இல்லையா. பிறகு சொன்னாள்: “பதினாலு வருஷமா நாங்க தான் லீவுல வாறோம். நீங்க ஒரு தடவையாவது வாங்களேன்.”

“எனக்குப் பாஸ்போர்ட்டே இல்ல.”

“எடுக்கலாம்.”

“மாமாவ யாரு பாத்துக்கிறது?”

“எனக்கு முட்டை பொரிக்கத் தெரியும்” என்றது பத்திரிகை.

ஆகஸ்டில் மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள். வினோஜன் அடுத்த மாசமே அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டான். டீச்சர் வாயில் தங்கிய செய்தியைத் தானே சொல்லாவிட்டால் வெட்கம் என்று தோன்றியதாம். அம்மாக்கண்ணு ஆறு வாரம் பேசவில்லை. டிசம்பரில் அவனுக்கும் நிஷாந்திக்கும் கல்யாணம் நடந்தது, அட்டன் அரசாங்கக் கச்சேரியில் பதிவு, கொத்மலையில் சாப்பாடு. சேலை வீணாகவில்லை. நிஷாந்திக்கு அந்த நிறம் சுலக்ஷனாவை விடப் பொருத்தம் என்று அம்மாக்கண்ணுவே இப்போது சொல்லித் திரிகிறாள். பொண்ணு அட்டன் வீட்டுக்குள் கால் வைக்கும் முன்னே கோயிலா, சர்ச்சா என்று சிலர் பேசிப் பார்த்தார்கள். மாமியாரின் வாய்க்கு முன்னால் அது எடுபடவில்லை.

ரத்னா டீச்சர் கண்டிக்குப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்தார். மார்ச்சில், ஐம்பத்தெட்டு வயதில், முதன்முறையாகப் பிளேன் ஏறினார். மூன்று மாசம் என்று சொல்லிப் போனவர். இது ஆறாவது மாசம். கிளினிக்குக்குக் காலையில் வருகிற பொம்பளைகளுக்குப் பேர் எழுதிக் கொடுக்கிறாராம். யார் வீட்டில் என்ன என்று அந்தப் பாஷையிலேயே விசாரிக்கப் பழகிவிட்டாராம். இங்கே ஜெபக் குறிப்பை இப்போது பாஸ்டரே எழுதுகிறார். ஒரு சுவாரசியமும் இல்லை.

திரும்பி வருகிற தேதி பற்றி டீச்சரிடமிருந்து பேச்சு இல்லை. பெரியதம்பி மட்டும் போன செவ்வாய்க்கிழமை கண்டி பஸ் ஏறினார். எதற்கு என்று லெட்சுமி கேட்டதற்கு, “ஐடென்டிட்டி கார்டுக்குப் போட்டோ புடிக்க” என்றார். அடையாள அட்டை போட்டோவுக்கு யாராவது கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைத் தேடி எடுத்துப் போடுவார்களா? அதுவும், முட்டை பொரிக்கிற சட்டியை லெட்சுமி வீட்டில் கொடுத்துவிட்டு?